முதலில் நீர், பிறகு மீன்

சிங்கப்பூரில் நாய் வளர்க்க விரும்புபவர் உரிமம் பெற வேண்டும். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கவும் அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்கும் உரிமம் தேவை. முதன்முறையாக விண்ணப்பிப்பவர் செல்லப்பிராணிப் பராமரிப்பு பற்றிய இணையவழிப் பாடம் ஒன்றையும் முடிக்க வேண்டும். வளர்ப்பு மீனுக்கு இவற்றுள் எதுவும் வேண்டியதில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் வட்டாரக் கடையில் சில வெள்ளி கொடுத்தால் போதும். நெகிழிப் பையில் நீரோடு ஓர் உயிர் கைக்கு வந்துவிடும்.

இந்த எளிமையே மீனுக்குக் கேடாக முடிகிறது. "மீன் வளர்ப்பதுதான் மிகவும் எளிது, பிள்ளைகள் அதில் தொடங்கட்டும்" என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். மீன் குரைப்பதில்லை, சோபாவைக் கீறுவதில்லை, அதனை நடைப்பயிற்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டியதும் இல்லை. உண்மைதான். ஆனால் பசித்த நாய் குரைத்தாவது காட்டும். மூச்சுத் திணறும் மீன் ஓசை எழுப்பாது. தன் துன்பத்தைச் சொல்ல முடியாத உயிரை வளர்ப்பதற்குக் கூடுதலான அறிவு வேண்டும். அதுவும் தொட்டியை வாங்குவதற்கு முன்பே வேண்டும்.

புதிதாக மீன் வளர்ப்போர் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சனிக்கிழமை காலையில் தொட்டி, கூழாங்கற்கள், விளக்கு, பத்து மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கப்படும். அன்று மாலையே மீன்கள் நீந்தும். நான்காம் நாள் ஒரு மீன் மிதக்கும். இரண்டாம் வாரம் முடிவதற்குள் பாதி மீன்கள் இறந்திருக்கும். கடைக்காரர் நோயுற்ற மீன்களை விற்றுவிட்டார் என்ற முடிவுக்கு வீட்டார் வருவர். சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கலாம். பெரும்பாலும் உண்மையான காரணம் கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாதான்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதன் கழிவும், அது தின்னாமல் விட்ட உணவும் அழுகும்போது மேலும் அம்மோனியா உண்டாகிறது. ஆற்றில் அது பெருநீரில் கலந்து கரைந்துவிடும். தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. நன்கு பழகிய தொட்டியில், வடிகட்டியின் பஞ்சில் ஒருவகைப் பாக்டீரியா குடியிருக்கும். அது அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். மற்றொரு வகைப் பாக்டீரியா அதனை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றினாலே அது கட்டுக்குள் இருக்கும். இந்த நுண்ணுயிர்கள் புதிய தொட்டியோடு கடையிலிருந்து வருவதில்லை. அவை போதிய அளவு பெருகுவதற்கு ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும்.

எனவே, தொட்டியில் நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இல்லாமலே காத்திருக்க வேண்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை இட்டால், அது அழுகி அம்மோனியாவைத் தரும். பாக்டீரியாவுக்கு அதுவே இரை. கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவங்களைக் கொண்டு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்துவர வேண்டும். இரண்டும் ஏறி, பிறகு சுழியத்துக்கு இறங்கி, அங்கேயே நிற்கும்போதுதான் தொட்டி மீனுக்கு ஆயத்தமாகிறது. நெடுநாளாக மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் தம் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கொடுத்தால் இந்தக் காத்திருப்பு குறையும். தங்க நிற மீனைக் கொடுப்பதைவிட இது மேலான அன்பளிப்பு.

குழாய்நீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கிருமிகளைக் கட்டுப்படுத்தக் குழாய்நீரில் குளோராமின் சேர்க்கப்படுகிறது. மனிதர்கள் அந்த நீரை அச்சமின்றிக் குடிக்கலாம். மீனின் செவுளுக்கும் வடிகட்டிப் பாக்டீரியாவுக்கும் அது ஆகாது. நீரை வாளியில் ஓர் இரவு வைத்திருந்தால் போதும் என்று மூத்தவர்கள் சிலர் இன்றும் கூறுவதுண்டு. குளோரின் மட்டும் கலந்த நீருக்கு அம்முறை பொருந்தும். குளோராமின் அவ்வளவு எளிதில் நீரைவிட்டு நீங்காது. அதனை நீக்கும் திரவம் எல்லா மீன் கடைகளிலும் கிடைக்கிறது. அதனைக் கலந்த பிறகே நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

நீர் ஆயத்தமான பிறகு எந்த மீனை வாங்குவது? இங்குதான் கண் அறிவை ஏமாற்றிவிடுகிறது. கடையில் உள்ள மீன்களில் பல குஞ்சுகள். அவை இன்று எவ்வளவு நீளம் என்பதைக் காட்டிலும் வளர்ந்தபின் எவ்வளவு நீளம் ஆகும் என்பதே முக்கியம்.

வட்டமான கண்ணாடிக் குவளையில் நீந்தும் தங்கமீனைப் பலரும் படத்தில் பார்த்திருப்பர். அந்தப் படம் செய்த தீங்கு கொஞ்சநஞ்சமன்று. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. ஒரு சாணுக்கு மேலும் வளரக்கூடியது. நன்கு பராமரித்தால் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்வது. அது மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிவை வெளியேற்றும். நம்பமுடியாத அளவு மலிவாகக் கிடைப்பதால் தொடக்கநிலை வளர்ப்பாளருக்கு உரியது என்ற பெயர் அதற்கு வந்துவிட்டது. உண்மையில் வெப்பமண்டல நாட்டின் சிறு தொட்டிக்கு அதைப்போல் பொருந்தாத மீன் வேறு இல்லை எனலாம்.

மற்றொன்று, தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும் கரிய மீன். மலேசியாவில் அதற்கு 'பண்டாராயா மீன்' என்று பெயர். பண்டாராயா என்றால் மாநகர். மாநகர் மன்றத்தின் துப்புரவுப் பணியாளர்போல் அது தொட்டியைச் சுத்தம் செய்கிறதாம்! கடையில் விரல் நீளம் இருக்கும் அம்மீன் வளர்ந்தால் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். அது தின்று தீர்க்கும் அழுக்கைவிட அது சேர்க்கும் அழுக்கே அதிகமாகிவிடும்.

இவ்வளவு நீர்க்கு இவ்வளவு நீள மீன் என்று கணக்குச் சொல்லும் பழக்கம் மீன் வளர்ப்போரிடையே உண்டு. அந்தக் கணக்கை முழுமையாக நம்பக்கூடாது. மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள பத்து மீன்களின் மொத்த நீளம் 30 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் மீன் ஒன்றின் நீளமும் அதுவே. ஆனால் உடலமைப்பு ஒத்த மீன்களில் நீளம் பத்து மடங்கானால் எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்காகும். அப்படியானால், அந்த ஒற்றை மீன் பத்துச் சிறு மீன்களையும் சேர்த்ததைப்போல் நூறு மடங்கு எடை கொண்டதாக இருக்கும். கழிவும் அதற்கேற்பப் பெருகும். விரலுக்கேற்ற வீக்கம் என்பது தொட்டிக்கும் பொருந்தும்.

அளவு பொருந்தினாலும் குணம் பொருந்த வேண்டும். டைகர் பார்ப் என்னும் வரிமீன் சுறுசுறுப்பானது, பார்க்க அழகானது. நீண்ட வாலுடைய கப்பியோடு அதனைச் சேர்த்துவிட்டால், கப்பியின் வால் சில நாள்களில் கந்தலாகிவிடும். அது கொடுமையால் செய்வதன்று. அசையும் துடுப்பைக் கடிப்பது அதன் இயல்பு. கப்பியிலும் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வாங்கினால் வேறொரு சிக்கல். ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெண்மீன் குஞ்சுகளை ஈனும். ஆண்மீனைப் பிரித்த பின்னும் சில மாதங்கள் அது தொடரலாம். ஆண் கப்பிகளை மட்டும் வாங்குவோர் இத்தொல்லையிலிருந்து தப்புவர்.

நியான் டெட்ரா தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியைச் சேர்ந்தது. நிழல் படர்ந்த, சற்றுக் குளிர்ந்த நீரே அதற்கு ஏற்றது. பிற்பகல் வெயிலில் காயும் வீட்டின் தொட்டி நீர் 30 பாகை செல்சியஸை எட்டும்போது அது தளர்ந்துவிடுகிறது. தாய்லாந்து 2019இல் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த சண்டை மீனுக்கோ இந்த வெப்பம் பழக்கமானதே. ஆனால் ஓர் ஆண் சண்டை மீன் இன்னோர் ஆணைக் கண்டால் பொறுக்காது. நீண்ட வாலுடைய கப்பியையும் சில வேளைகளில் பகையாகக் கருதித் தாக்கும். நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. அதனால்தான் கடைகளில் சிறு குவளைகளில் அது உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருப்பது வேறு, வாழ்வது வேறு. இடம் குறைந்த வீட்டில், 20 லிட்டர் தொட்டியில், செடிகளுக்கிடையே ஒற்றைச் சண்டை மீனை வளர்ப்பது நல்ல தொடக்கம். அதற்குத் துணை தேட வேண்டியதில்லை.

கூட்டமாக மீன்களை வளர்க்க விரும்பும் மாணவருக்கு 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தொட்டி போதும். அதன் கொள்ளளவு 54 லிட்டர். அதில் எதை விடலாம் என்பதற்கு இந்த வட்டாரத்து ஓடைகளே விடை தருகின்றன. ஹார்லிகுவின் ரஸ்போரா மலாய்த் தீபகற்பத்திலும் சுமத்திராவிலும் வாழும் மீன். செம்பு நிற உடலில் கறுப்பு முக்கோணம் இட்டாற்போல் இருக்கும். நான்கு சென்டிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் வளராது. எட்டு அல்லது பத்து மீன்களாக விட்டால் ஒன்றாகத் திரும்பி ஒன்றாக நீந்தும். இரண்டை மட்டும் விட்டால் அஞ்சி ஒளிந்துகொள்ளும். தொட்டியின் அடித்தளத்திற்குக் கூலி லோச் ஐந்தோ ஆறோ விடலாம். மஞ்சளும் பழுப்புமாகப் பட்டைகள் கொண்டு, சிறு பாம்பைப்போல் நெளியும் மீன் இது. தமிழ்நாட்டில் குழம்புக்குப் பெயர்பெற்ற அயிரையும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மணலில் புதைந்துகொள்ளும் பழக்கம் உள்ளதால், கூரிய கற்களுக்குப் பதிலாக மென்மணலை இட வேண்டும். பகலில் மறைந்திருந்து விளக்கணைந்த பிறகு வெளியே வரும். உறவினர் வந்து பார்க்கும்போது ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். ஜாவா பாசியும் ஜாவா பெரணியும் குறைந்த ஒளியிலும் தழைக்கும். வெப்பமூட்டும் கருவியோ குளிரூட்டும் கருவியோ இத்தொட்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டு இனங்கள் மட்டுமா என்று கேட்போர் உண்டு. பத்து இனங்களில் ஒவ்வொன்றாக வாங்குவது கடையின் காட்சிப் பேழையை வீட்டுக்குக் கொண்டு வருவதைப் போன்றது; அங்கே எந்த மீனுக்கும் கூட்டம் இல்லை.

எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடாமல், இரண்டு மூன்று தவணைகளாக விடுவது நல்லது. பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடலாம். அதன்பின் வேலை அதிகமில்லை. இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே உணவு. வாரத்திற்கு ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றம். வடிகட்டிப் பஞ்சை மட்டும் குழாய்நீரில் அலசிவிடக்கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில்தான் அலச வேண்டும். ஆறு வாரம் காத்து வளர்த்த பாக்டீரியாவை ஒரு நிமிடத்தில் கொன்றுவிடும் தவறு பல வீடுகளில் சுத்தம் என்ற பெயரில் நடக்கிறது.

"ஒரு வெள்ளி மீனுக்கு இவ்வளவா?" என்ற கேள்வி எழாமலில்லை. சிங்கப்பூர் அலங்கார மீன் வணிகத்தில் உலகின் முன்னணி மையங்களுள் ஒன்று. மீன் இங்கு மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். விலை என்பது மீனைப் பெருக்கி விற்க ஆகும் செலவைக் காட்டுகிறது. அம்மோனியா நிறைந்த நீரில் அதன் செவுள் படும் பாட்டைக் காட்டுவதில்லை. இறந்த மீனுக்குப் பதிலாக மறுநாளே அதே நிறத்தில் வேறொன்றை வாங்கிவந்து விடும் பெற்றோர், பிள்ளை அழக்கூடாது என்றுதான் அவ்வாறு செய்கின்றனர். ஆனால் மீன் ஏன் இறந்தது என்று பிள்ளை கேட்பதற்கான வாய்ப்பு அத்தோடு போய்விடுகிறது. புதிய மீனும் அதே நீரில்தான் விடப்படுகிறது.

தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்த மீனின் கதை வேறு. சிலர் அதற்கு விடுதலை கொடுப்பதாக எண்ணி நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விட்டுவிடுகின்றனர். சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றம். விடப்பட்ட மீன்களில் பல புதிய சூழலில் இறந்துவிடும். இறக்காதவற்றால் விளையும் கேடு அதைவிடப் பெரிது. மலேசியாவின் கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் இன்று பண்டாராயா மீன்கள் பெருகிக் கிடக்கின்றன. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீனுக்கு இந்த ஆறுகளில் இயற்கைப் பகை குறைவு. உடலோ கவசம் போன்றது. தன்னார்வலர்கள் வலை வீசிக் கிலோக் கணக்கில் அவற்றைப் பிடித்து அகற்றி வருகின்றனர். அவை தாமாக அங்கே நீந்தி வரவில்லை.

வளர்ந்த மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கடைகளும் உள்ளன. பெற்றுக்கொள்ளாத கடைகளும் உள்ளன. அதை மீன் வாங்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வளர்ந்தால் எவ்வளவு நீளமாகும், எத்தனை மீன்களாக வளர்க்க வேண்டும் என்பவற்றையும் அப்போதே கேட்கலாம். நல்ல கடைக்காரர் பதிலுக்கு, தொட்டி எத்தனை லிட்டர், நீர் நிரப்பி எத்தனை வாரம் ஆயிற்று என்று கேட்பார். நேற்றுத்தான் நிரப்பினோம் என்று சொல்லும் பிள்ளையிடம், அடுத்த மாதம் வரச் சொல்லி வெறுங்கையோடு அனுப்பும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அத்தகைய கடைக்கே அடுத்த மாதம் மீண்டும் போகலாம்.