சீட்டு இல்லாமல் சரக்கு கொடுக்கலாமா?

சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் இல்லாமல் வண்டியைக் கேட்டால் கொடுப்பார்களா? கொடுத்துவிட்டால், பிறகு டோக்கனோடு வந்து நிற்பவருக்கு ஸ்டாண்டுக்காரர்தானே பதில் சொல்ல வேண்டும்?

கப்பல் சரக்கிலும் இதுவே நியாயம். சிங்கப்பூரில் நடந்த ஒரு வழக்கு இதைக் காட்டுகிறது.

இங்கிலாந்தில் உள்ள ராம்ப்ளர் சைக்கிள் கம்பெனி, சிங்கப்பூர் வியாபாரி ஒருவருக்கு சைக்கிள் உதிரி பாகங்களைக் கப்பலில் அனுப்பியது. சரக்கை ஏற்றிக்கொண்ட கப்பல் கம்பெனி ஒரு சீட்டு கொடுத்தது. அதற்கு 'பில் ஆப் லேடிங்' என்று பெயர். சீட்டைக் கொண்டு வருகிறவருக்கே சரக்கு!

சைக்கிள் கம்பெனி அந்தச் சீட்டை சிங்கப்பூரில் உள்ள ஒரு பாங்கிக்கு அனுப்பியது. பணம் கட்டினால்தான் வியாபாரிக்குச் சீட்டு கிடைக்கும்.

வியாபாரி பணம் கட்டவில்லை. சீட்டும் வாங்கவில்லை. வேறொரு பாங்கியைப் பிடித்தார். நஷ்டம் வந்தால் ஈடு செய்வதாக அந்த பாங்கி எழுதிக் கொடுத்தது. அதை நம்பி, கப்பல் ஏஜெண்டுகள் சரக்கைக் கொடுத்துவிட்டார்கள்!

கடலில் எறியலாமா?

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. சரக்கு கப்பலை விட்டு இறங்கியதுமே கப்பல் கம்பெனியின் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று சீட்டிலேயே அச்சிட்டிருந்தது. அதைக் காட்டி வாதாடினார்கள்.

1959-ம் ஆண்டு டென்னிங் பிரபு தீர்ப்புக் கூறினார். இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால், சரக்கை வழிப்போக்கனிடம் கொடுத்தாலும், கொளுத்தினாலும், கடலில் எறிந்தாலும் கேட்க முடியாதே என்றார். கப்பல் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும்; அந்தச் சுமையை, எழுதிக் கொடுத்த பாங்கி ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று.

சரியான தீர்ப்பு

சீட்டு வருவதற்கு முன்பே கப்பல் வந்துவிடுவது உண்டு. காத்திருந்தால் கிடங்கு வாடகை ஏறும். அதனால் எழுதி வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது.

அவசரம் உண்மைதான். ஆனால் அவசரப்படுகிறவரே ஆபத்தையும் சுமக்க வேண்டும். கடலுக்கு அப்பால் இருக்கும் விற்பனையாளர் தலையில் அதைக் கட்டலாமா? அவருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு அந்தச் சீட்டுதான்.

அதே சிங்கப்பூரில், 2021-ம் ஆண்டு திருத்திய சட்டப்படி, கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் சீட்டும் செல்லும். இதுதான் நல்ல வழி! சீட்டு வேகமாக வரட்டும். அது வரும்வரை கிடங்குக் கதவு பூட்டியே இருக்கட்டும்.