விஷத்தின் மேல் புல்வெளியா?



ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... இந்த ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோல் வணிகமும் நம் சமுதாயமும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும். எத்தனையோ பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் அந்த வணிகத்தின் வருமானத்தில் எழுந்தவை. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே வணிகம் கெடுத்துவிட்டுப் போன மண்ணைப் பற்றி நம் மேடைகளில் பேசியவர்கள் எத்தனை பேர்?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு குரோமியம் ரசாயன ஆலை இருந்தது. டேனரிகளுக்கு வேண்டிய குரோம் உப்பும் அங்கே தயாரானது. 1990களின் நடுவில் ஆலையை மூடிவிட்டுப் போனார்கள். லாபத்தை எடுத்துச் சென்றவர்கள் ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவை மட்டும் திறந்த வெளியில் மலையாகக் குவித்து ஊருக்கு விட்டுச் சென்றார்கள்! மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் வழிந்து நிலத்தில் இறங்கியது. 2006ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலுடன் ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. நம் ஊர் உலகப் புகழ் பெற்ற விதத்தைப் பார்த்தீர்களா!

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படும் மும்மதிப்பு வகை அவ்வளவு கொடியதல்ல. ராணிப்பேட்டைக் குவியலில் இருந்த ஆறுமதிப்பு வகையோ தண்ணீரில் எளிதாகக் கரையும். தோலில் பட்டால் புண்ணாக்கும். தூசாக நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவரும். "எல்லாம் டேனரிக் கழிவுதான்" என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவோரும், "எங்கள் தொழிலில் விஷமே இல்லை" என்று சாதிப்போரும் இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டு பேசினால் நல்லது.

இப்படிப்பட்ட நிலங்களை என்ன செய்வது? மண்ணைக் கொட்டி மூடி, புல் வளர்த்து, நாலு ஊஞ்சல் போட்டுப் பூங்கா ஆக்கிவிடலாம் என்று சொல்வோர் உண்டு. ரிப்பன் வெட்டவும் வசதி, செலவும் குறைவு. இது ஏமாற்று வேலை என்பதற்கு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள ஜெர்சி சிட்டியே சாட்சி.

அங்கும் இதே குரோமியம்தான். 1895 முதல் 1954 வரை ஒரு குரோமேட் ஆலை தன் கழிவை ஹாக்கன்சாக் ஆற்றங்கரையில் 34 ஏக்கரில் கொட்டியது. மொத்தம் சுமார் 15 லட்சம் டன். பதினைந்து, இருபது அடி ஆழத்துக்கு விஷம்! அரசு தலையிட்டதும், பாதி நிலத்துக்கு பிளாஸ்டிக் விரிப்பும் மீதிக்கு தாரும் கான்கிரீட்டும் போட்டு மூடினார்கள். ஐந்து வருடத்துக்கான தற்காலிக ஏற்பாடு என்றார்கள். ஐந்து வருடம் போயிற்று, நிரந்தர ஏற்பாடு எதுவும் வரவில்லை. இந்தக் கழிவுக்கு இன்னொரு குணமும் உண்டு. நாளடைவில் உப்பிப் பருத்து, மேலே போட்ட தாரையே பிளந்துகொண்டு வரும். அதன் மேல் போடும் புல்வெளி எத்தனை நாளைக்கு?

கேட்க ஆளில்லை என்று அந்த ஊர் மக்கள் முடங்கிவிடவில்லை. பல வழிபாட்டுத் தலங்களைச் சேர்ந்த மக்கள் இணைந்து நடத்திய ஒரு அமைப்பு 1995ல் நீதிமன்றம் சென்றது. பழைய ஆலையின் வாரிசாக நின்றது ஹனிவெல் என்ற மாபெரும் கம்பெனி. மூடி வைத்தால் போதும் என்று வாதாடியது. 2003ல் நீதிமன்றம் அதை ஏற்காமல், முழுக்கத் தோண்டி அப்புறப்படுத்து என்று உத்தரவிட்டது. 2005ல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. அதே ஊரில் வேறோர் இடத்தில், குரோமியம் கலந்த மண்ணை அகற்றிய பிறகு, சுமார் 17 ஏக்கரில் பெரி லேன் பூங்கா 2016ல் திறக்கப்பட்டது. விஷத்தை எடுத்த பிறகு பூங்கா. வரிசையைக் கவனியுங்கள்!

இளைஞர்களே, வழக்குப் போட்டவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர்கள். ஒவ்வொரு வெள்ளியும் ஊரே கூடும் ஜமாஅத்துகள் நமக்கு இருக்கின்றன. பிறை பார்ப்பதில் நாம் காட்டும் விறுவிறுப்பில் பாதியை நிலத்தடி நீரைப் பார்ப்பதில் காட்டியிருக்கிறோமா?

வணிகப் பெருமக்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேச வேண்டியிருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர் டேனரி வழக்கில் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாக அதில் குறிப்பிடப்பட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில் உறுதி செய்யப்பட்டது. தொழிலை ஒழிக்கச் சதி என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. பாழான அந்த வயல்களின் சொந்தக்காரர்களுக்கு அது சதியாகத் தெரிந்திருக்குமா? 2015ல் ராணிப்பேட்டை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து மாண்டார்களே, அவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? இழப்பீடும் சீரமைப்பும் முடிந்தபாடில்லை என்பதால்தான் 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, கண்காணிக்கத் தனிக் குழு அமைக்கச் சொன்னது. சிறு டேனரிக்காரரால் இந்தச் செலவைத் தனியாகத் தாங்க முடியாது என்பது உண்மை. அரசும் பங்கேற்கட்டும் என்று அவருக்காக நாமும் குரல் கொடுப்போம். ஆனால் முதலில் நிலத்தின் நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. மண் சுத்தமானதும் விலை ஏறும். விலை ஏறியதும் வீட்டுமனைக்காரர்கள் வந்து நிற்பார்கள். அவ்வளவு நாளும் விஷக் காற்றைச் சுவாசித்தவன் வாடகை கட்ட முடியாமல் வெளியேற வேண்டியதுதானா? ஜெர்சி சிட்டி நகராட்சி, ஹனிவெல்லின் ஆற்றங்கரை நிலத்தை 2018ல் தானே வாங்க முன்வந்தது. அங்கு வரும் வீடுகளில் 35 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களுக்கு என்றும் முடிவு செய்தது. நம் ஊர்களில் பெண்கள் மாலையில் காலாற நடக்க ஓர் இடம் இருக்கிறதா? பிள்ளைகள் பந்து விளையாட மைதானம்? மூடிக் கிடக்கும் ஆலைகளின் மண் சுத்தமானால் இவற்றுக்குத்தான் முதல் உரிமை.

வழி இல்லாமல் இல்லை. மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் விதிகளை வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு அனுப்ப வேண்டும். 90 நாளில் முதற்கட்ட ஆய்வு, அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு என்று அதில் கெடு வைத்திருக்கிறார்கள். உங்கள் மஹல்லாவை ஒட்டி மூடிக் கிடக்கும் ஆலை நிலத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா, மண்ணும் கிணற்று நீரும் சோதிக்கப்பட்டனவா என்று கேட்டு, ஜமாஅத் நிர்வாகிகளும் அக்கம்பக்கத்து எல்லாச் சமுதாயத்தாரும் கையெழுத்திட்ட மனுவோடு வரும் திங்கட்கிழமையே கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குச் செல்லுங்கள். மனுவின் நகலையும் அதற்குத் தரும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.