குறைந்த விலையும் நேரிய விலையும்



ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் எங்கள் கோயில் முற்றத்தில் ஏதேனும் ஒரு வண்டி மாலை சூடி நிற்பது வழக்கம். மந்திரித்துத் தரவேண்டுமென்று குடும்பமே அதனைச் சூழ்ந்து நிற்கும். நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமே மிகுதி. இன்று கார்களும் வருகின்றன; அவற்றுள் பல, பிறர் ஓட்டிய பழைய கார்கள். இதில் இழுக்கு ஒன்றுமில்லை. புதுக் காருக்காக ஏழாண்டுத் தவணையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வட்டிக்கு அலைவதைக் காட்டிலும், கையிலுள்ள பணத்துக்கு நல்லதொரு பழைய காரை வாங்குவதே அறிவுடைமை என்பது என் எண்ணம்.

சென்ற தவக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் மாலை வேளையில் அறைவீட்டுக்கு வந்தார். முகத்திலே மகிழ்ச்சி.

"சாமி, பக்கத்துப் பங்கிலே ஓர் அம்மா கார் விற்கிறார்கள். 2016-இல் பதிவான வண்டி. ஒன்றரை லட்சந்தான் கேட்கிறார்கள். வெளியிலே இரண்டரைக்குக் குறையாது. நாளைக்கே முன்பணம் கொடுத்துவிடலாமென்று இருக்கிறேன்."

"மெக்கானிக் யாரிடமாவது காட்டினீர்களா?"

"காட்டப்போய் அந்த அம்மா மனம் மாறிவிட்டால்?"

அந்த மறுமொழி எனக்கு இரண்டு கவலைகளைத் தந்தது. ஒன்று அவருடைய பணத்தைப் பற்றியது. மற்றொன்று அவருடைய ஆன்மாவைப் பற்றியது.

முதற் கவலைக்கு என் சொந்த அனுபவமே காரணம். 2017-இல், நான் முன்பு பணியாற்றிய பங்கிற்கு ஒரு கார் தேவைப்பட்டது. தரகர் ஒருவர் சென்னையிலிருந்து கொணர்ந்த வண்டி, பளபளப்பாகவும் விலை மலிவாகவும் இருந்தது. உள்ளே நறுமணம் கமழ்ந்தது. அந்த மணம் எதனை மறைக்கிறதென்று கேட்கும் புத்தி எனக்கு வரவில்லை. ஏழு மாதங் கழித்து, ஒரு மழையிரவில், கிளைக் கிராமத்துப் பாட்டியம்மாள் ஒருவருக்கு நோயில்பூசுதல் கொடுக்க விரைந்துகொண்டிருந்தேன். வழியிலே விளக்கு அணைந்தது, இயந்திரமும் நின்றது. நடந்தும், பின்னர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்தும் போய்ச் சேர்ந்தேன். பாட்டியம்மாள் அப்போது நினைவிழந்திருந்தார். பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டுமென்று மாலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். எண்ணெய் பூசி, பாவ மன்னிப்பு அளித்தேன். ஆயினும் அவர் சொல்ல விரும்பியதைக் கேட்க இயலவில்லை.

மறுநாள் மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் உலர்ந்த வண்டல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அது என்றார்.

ஆகவே, பழைய கார் வாங்கப்போகிறவர்கள் காரை உடையவர் வீட்டிலேயே, காலை வேளையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது சென்று பார்க்க வேண்டுகிறேன். முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்த இயந்திரம் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் எளிதில் உயிர்பெறுகிறதா, புகை என்ன நிறம் என்று கவனியுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பாலாடை போலப் படிந்திருந்தால், குளிர்விக்கும் நீர் எண்ணெயோடு கலக்கிறதோ என்று ஐயுறவேண்டும். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காரானால் அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை தெரியக்கூடும். இருக்கையின் கீழுள்ள இரும்புத் தண்டவாளத்தில் துருவேறியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணொன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று அறியலாம். ஓடிய தூரம் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும். பிரேக் மிதியின் ரப்பரோ தேய்ந்து வழுக்கும். அப்போது ரப்பரை நம்புங்கள். மீட்டரைப் பின்னோக்கித் திருப்பும் கலை நம் நாட்டில் நன்றாக வளர்ந்திருக்கிறது!

இவ்வளவும் பார்த்த பின்னரும், உங்களுக்கு வேண்டிய மெக்கானிக் ஒருவருக்கு ஒருநாட் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். வண்டியைச் சோதிக்க விடாதவரிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்கவேண்டாம்.

பத்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்கவேண்டும். கடன் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்தது என்று வங்கி 35-ஆம் படிவத்தில் ஒப்பமிட்டுத் தரவேண்டும். விற்பனையை 29, 30-ஆம் படிவங்களின் வழியாகப் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர் காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். "பெயர் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடாதீர்கள். கைகள் பல மாறியும் பதிவேட்டில் பெயர் மாறாத கார் ஒன்று விபத்துக்குள்ளான வழக்கில், எப்போதோ அதனை விற்றுவிட்ட பதிவு உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்கிறவர்கள் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி என் இரண்டாவது கவலை. ஒரு பொருள் ஏன் மலிவாய்க் கிடைக்கிறது? அதில் குறை இருக்கலாம். அல்லது விற்பவருக்கு அவசரமோ அறியாமையோ இருக்கலாம். குறையென்றால் வாங்குபவர் ஏமாறுகிறார். அறியாமையென்றால்?

குருமடத்தில் நாங்கள் படித்த புனித தோமாஸ் அக்குவினாஸ், தம் இறையியல் தொகுப்பில் வாங்கல் விற்றல் பற்றித் தனியே ஒரு வினாவை எழுப்பி ஆராய்கிறார். அந்நாளில் கார் இல்லை, குதிரை இருந்தது. குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது வாங்குபவருக்கே தெரியும். விற்பவர் அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொண்டால் போதும், வாய்திறந்து சொல்லவேண்டிய கடமை இல்லை என்கிறார். ஆனால் மறைவான குறையினால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேருமென்றால், அதனைச் சொல்லியே தீரவேண்டும். எனக்கு வந்த வண்டி எந்த வகை என்று சொல்லவேண்டியதில்லை.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை, வாங்குபவரையும் விசாரிக்கிறார். விற்பவர் பொன்னைப் பித்தளை என்று எண்ணி விற்க, அது பொன் என்று அறிந்தே ஒருவர் வாங்கினால், அவர் அநீதி செய்கிறார். ஈடு செய்யக் கடமைப்பட்டிருக்கிறார் என்று எழுதுகிறார். பேரம் பேசுவதை அவர் கண்டிக்கவில்லை. நேரிய விலை என்பது ஒரே புள்ளியில் நிற்பதன்று. சிறிது ஏறியும் இறங்கியும் இருக்கலாம் என்பதும் அவர் கருத்தே. மதிப்பை அறிந்த ஒருவர் மனமுவந்து குறைத்துக் கொடுத்தால் அது கொடை. அறியாதவரிடம் வாய்மூடி வாங்குவது வேறு. புனித அகுஸ்தீன் தமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். நூல் ஒன்றின் மதிப்பை அறியாமல் அதனை விற்கவந்தவன் மிகக் குறைவாகக் கேட்டானாம். வாங்கியவரோ, அவன் எதிர்பாராத வகையில், உரிய விலை முழுவதையும் கொடுத்தாராம். நூல்கள் கையால் எழுதப்பட்ட காலம். அது சிறு தொகையாக இருந்திராது.

இவற்றையெல்லாம் ஆசிரியரிடம் சொன்னபோது அவர் முகம் சற்று வாடிற்று. "மெக்கானிக்கோடு போவோம், நானும் வருகிறேன்" என்றேன்.

அந்த அம்மாவின் கணவர் ஆறு மாதங்களுக்கு முன் இறந்தவர். வண்டிக்குச் செய்த ஒவ்வொரு பழுதுபார்ப்பையும் ஒரு நோட்டிலே தேதியிட்டு எழுதி வைத்திருந்தார். மெக்கானிக் ஒரு மணி நேரம் சோதித்து, டயர் நான்கும் கிளட்சும் மாற்றவேண்டும், மற்றபடி குறையில்லை என்றார். "விலையை யார் சொன்னது, அம்மா?" என்று கேட்டேன். "தரகர் ஒருவர் ஒன்றரைக்கு மேல் போகாதென்றார், சாமி. எனக்கு என்ன தெரியும்? வண்டியெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்வார்" என்று சுவரிலிருந்த படத்தைக் காட்டினார்.

ஆசிரியர் வாசலுக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து, "அம்மா, இது இரண்டரை லட்சம் போகும். டயருக்கும் கிளட்சுக்கும் கழித்தால் இரண்டேகால் நேரிய விலை. என்னிடம் இப்போது ஒன்றரைதான் இருக்கிறது" என்று அவரே சொன்னார். மீதியை ஐந்து மாதங்களில் தருவதென்று ஒப்பந்தம் எழுதினார்கள்.

வண்டி இறந்தவர் பெயரில் இருந்தபடியால் உடனே விற்க வழியில்லை. பழைய படிவத்தில் கையெழுத்தை எப்படியோ போட்டுக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னாராம், வேண்டாமென்றேன். முதலில் 31-ஆம் படிவத்தின் வழியாக அம்மாவின் பெயருக்கு மாறவேண்டும். பிறகே ஆசிரியர் பெயருக்கு. பதிவு அலுவலகத்துக்கு இருவரும் மூன்று முறை சென்று வந்துவிட்டார்கள்.

கார் இன்னும் மந்திரிப்புக்கு வரவில்லை. சான்றிதழில் பெயர் மாறிய பிறகு, அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.