மூணாற்று விடுமுறை: வருவோரும் வீடு திரும்புவோரும்

கேரளப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் தேர்வும் தமிழகப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் முடிகின்றன. மறுநாள் காலையிலேயே எல்லைச் சாலைகள் நிரம்பத் தொடங்கிவிடும். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக ஒரு வரிசை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மற்றொன்று. கம்பத்திலிருந்து குமுளிக்கு இன்னொன்று. பாலக்காட்டுப் பக்கம் மலம்புழை அணையும் நெல்லியாம்பதியும் குடும்பங்களால் நிறைகின்றன. மட்டுப்பெட்டிச் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்பதும், பின்னிருக்கையில் குழந்தைகள் வாந்தியெடுத்துச் சோர்வதும் ஆண்டுதோறும் பேசப்பட்டு, பொங்கல் வருவதற்குள் மறக்கப்படுகின்றன.

இந்நெரிசலுக்கு மருந்து என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது இ-பாஸ். சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயமானது. 2025 கோடைக்கு நாள்வரம்பும் விதிக்கப்பட்டது. ஊட்டிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. மூணாற்றுக்கும் இதையே கொண்டுவரலாமே என்று எண்ணுவது இயல்பு. அதை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. மலைச்சாலை தாங்கும் சுமைக்கு ஓர் அளவு இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு மலைக்கு வருகிறவர்களை உள்ளூர்க்காரர், சுற்றுலாப் பயணி என்று இரண்டாக மட்டுமே பிரிக்கிறது. மூணாற்றில் மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு.

திருப்பூரின் பின்னலாடைக் கூடத்திலிருந்தும் கோயம்புத்தூரின் பட்டறையிலிருந்தும் பத்து நாள் விடுப்பில் அம்மாவின் லயத்துக்குத் திரும்புகிற மகன். தென்காசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளை ஆச்சியிடம் காட்ட வருகிற மகள். இவர்கள் ஏறி வரும் வாடகை வேனின் பதிவெண் தமிழகத்துடையது. சோதனைச் சாவடிக் கணக்கில் இவர்களும் சுற்றுலாப் பயணிகளே. லயத்தின் ஒற்றை அறையிலும் சமையற்கட்டிலும் எட்டுப் பேர் படுத்தெழும் அந்தப் பத்து நாள்களில், வாசலில் தொங்கும் நட்சத்திர விளக்கு கிறித்தவ வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அடுத்த வீட்டு மாரியம்மன் பக்தரின் பேரப்பிள்ளைகளும் அதன் கீழேதான் விளையாடுகின்றனர்.

இந்த வரவு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை நட்ட கைகள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே வந்தவை. மலையின் வாசலே அன்று கிழக்கு நோக்கித்தான் இருந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908 முதல் சிறு இரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குச் சென்றன. 1924 வெள்ளம் அந்த இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. பிறகு எவரும் அதை மீட்டெடுக்கவில்லை. இன்று டாப் ஸ்டேஷனில் நின்று தமிழகச் சமவெளியைப் படமெடுக்கும் குடும்பங்களுள் எத்தனை பேருக்கு அப்பெயரில் உள்ள ‘ஸ்டேஷன்’ ஓர் இரயில் நிலையம் என்பது தெரியும்?

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. தோட்டத் தொழிலாளர் நிலைகுடிகள் அல்லர், வந்துபோகிறவர்கள் என்ற வாதம் அன்றைய எல்லைப் பேச்சில் பெரிதாக எழுந்தது. எல்லையை மாற்றி வரைய வேண்டும் என்பது இங்கு வாதமன்று. அந்தக் கதவு மூடி எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஆனால் ‘வந்துபோகிறவர்கள்’ என்ற அந்தச் சொல், இ-பாஸ் படிவத்தின் ஒரு கட்டமாக மறுபடியும் அதே குடும்பங்களின் மேல் ஒட்டப்படுவதை எதிர்க்கக் காரணம் இருக்கிறது.

காரணம் வீட்டில் தொடங்குகிறது. லயத்து வீடு தொழிலாளியின் சொத்தன்று. வேலையோடு வந்தது, வேலையோடு போவது. ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மகனோ மருமகளோ கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்தால் மட்டுமே அந்தக் கூரை தங்கும். ஆகவே பல குடும்பங்களில் ஒரு பிள்ளை, படித்திருந்தும், மலையில் நின்றுவிடுகிறது. மற்றப் பிள்ளைகள் கிறிஸ்துமசுக்குத் திரும்ப ஒரு வாசல் இருக்க வேண்டுமே என்பதும் அதற்கு ஒரு காரணம். விடுமுறைக்கு ஊர் திரும்புதல் என்பது பிறருக்கு இன்பச் செலவு. இங்கே ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுத்துக் காக்கிற உரிமை. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் பெண்கள் மூணாற்றுச் சாலையை மறித்து உட்கார்ந்தனர். 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்ட போனசும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலியும் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. போனஸ் பழைய அளவுக்குத் திரும்பியது. கூலி பின்னர் 301 ரூபாய் ஆனது. வீட்டுக் கேள்வி அப்படியே நிற்கிறது.

சுற்றிப் பார்க்க வருகிற குடும்பங்களைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. ஆண்டு முழுதும் உழைத்தவர்கள் பிள்ளைகளுக்குப் பனியையும் பசுமையையும் காட்ட விரும்புவதில் தவறென்ன? குறை, அவர்களுக்கு எது காட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. 1894இல் காலராவில் இறந்த எலினோர் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் கல்லறை மூணாற்றின் சிஎஸ்ஐ தேவாலயத்துக்கு மேலுள்ள மேட்டில் இருக்கிறது. கல்லறை முந்தியது, தேவாலயம் பிந்தியது என்ற கதையை வழிகாட்டிகள் சுவைபடச் சொல்வார்கள். அதே காலத்தில் காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் மடிந்த கூலியாள்களின் புதைகுழிகள் தேயிலைச் செடிகளுக்கிடையே கல்லும் பெயரும் இன்றிக் கிடக்கின்றன. அவற்றைக் காட்ட வழிகாட்டி எவரும் இல்லை.

வரம்பு விதித்து இயங்கும் இடத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமெனில் பாலக்காட்டு மாவட்டத்தின் பரம்பிக்குளத்தைப் பார்க்கலாம். கேரளத்துப் புலிகள் காப்பகம்; ஆனால் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழகத்துக்குள் சுற்றித்தான் செல்கிறது. பார்வையாளர்களை வனத்துறை அளந்தே விடுகிறது. காட்டுக்கு அது நல்லது. ஆனால் உள்ளே வாழும் பழங்குடியினர், தம் சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போய்வரவும் வேற்று மாநிலத்துச் சாவடிகளைக் கடக்கிறார்கள். கேரள மண்ணுக்குள்ளேயே ஒரு வழி வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது அதனால்தான். பார்வையாளருக்கென்று வகுத்த விதி வாழ்பவர் மேல் எப்படி விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

மூணாற்றுக்கு வரம்பு வரட்டும். வருமானால், எஸ்டேட் முகவரியில் பெற்றோரோ உடன்பிறந்தோரோ உள்ளவரின் வண்டி, எந்த மாநிலத்துப் பதிவாயினும், உள்ளூர் வண்டியாகக் கருதப்பட வேண்டும். அதைவிட முதன்மையானது பேருந்து. இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் உடுமலையிலிருந்தும் தேனியிலிருந்தும் அந்தப் பத்து நாள்களுக்கு மட்டுமாவது கூடுதல் வண்டிகள் விட்டால், வாடகை வேனுக்குக் கடன் வாங்குகிற குடும்பங்களும் தப்பும், சாலையும் மூச்சுவிடும். மகிழுந்தை விட்டிறங்க மக்கள் மறுப்பார்கள் என்பது வெறும் சாக்கு. இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாயிலில் எல்லோரும் தத்தம் வண்டிகளை நிறுத்திவிட்டு, வரிசையில் நின்று, வனத்துறைப் பேருந்தில் ஏறித்தானே இராஜமலைக்குப் போய் வரையாடு பார்க்கிறார்கள்?

அந்தச் சாலை இராஜமலையோடு முடிவதில்லை. அப்பால் பெட்டிமுடிக்குச் செல்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களுள் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தில் உறவினர் இருந்தனர். கொரோனாக் காலம், மாநில எல்லையைக் கடக்க அப்போதும் பாஸ் வேண்டியிருந்தது.