பென்னலூர் காற்றை யார் அளப்பது?

பென்னலூரில் தேசிய நெடுஞ்சாலை 48-இன் ஓரம் கால் மணி நேரம் நின்றால் போதும். பெங்களூரு போகும் லாரிகள், ஷிப்டு மாறும் நேரத்துக் கம்பெனி பஸ்கள், ஒரகடம் பக்கம் திரும்பும் டிரெய்லர்கள் என்று வரிசை முடிவதே இல்லை. சாலையோர மரங்களின் இலை நிறம் மழை பெய்த மறுநாள்தான் தெரியும். இந்தப் புழுதியைப் பற்றி நாம் பேசுகிறோம், புகாரும் கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத தூசியைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தத் தூசிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் பி.எம். 2.5. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும். டீசல் புகை, நிலக்கரி, விறகு, குப்பை எரிப்பு எல்லாவற்றிலும் உண்டு. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். இது நுரையீரலின் காற்றுப்பைகள்வரை போய், அங்கிருந்து ரத்தக்குழாய்களையும் இதயத்தையும் கெடுக்கிறது.

இதைத் தமிழ்நாட்டு மக்களிடையே அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன். இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். அவர் தொடங்கிய இடம் தொழிற்சாலை அல்ல, அடுப்பங்கரை. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அவரது குழு கருவி வைத்து அளந்த முடிவுகள் 2002-இல் வெளியாயின. விறகு, வறட்டி எரியும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் நுண்தூசி ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. சமைக்கும் பெண் நாள் முழுக்கச் சுவாசித்த சராசரி 231. காஸ் போன்ற எரிபொருள் உள்ள வீடுகளில் அது 82.

யார் வீட்டில் விறகு எரிந்தது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து அவர் குழு கர்ப்பிணிகளைக் கவனித்தது. கிராமமும் நகரமுமாக 1,285 தாய்மார்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2018-இல் வெளியானது. கர்ப்ப காலத்தில் சுவாசித்த பி.எம். 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை 4 கிராம் குறைகிறது, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் 2 சதவீதம் கூடுகிறார்கள் என்றது. நாலு கிராமா என்று சிரிப்பு வரலாம். மூன்று கிலோவில் பிறக்கும் பிள்ளைக்கு அது ஒன்றுமில்லைதான். 2,500 கிராம் கோட்டை ஒட்டிப் பிறக்கும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை? சோகை பிடித்த தாய், எட்டாம் மாதமும் வேலைக்குப் போகும் தாய், அடுப்படியிலும் சாலையோரத்திலும் ஒரே புகையில் நிற்கும் தாய் பெற்ற பிள்ளை.

அப்படியானால் காஸ் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? அதையும் சோதித்தார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில் விழுப்புரமும் நாகப்பட்டினமும் உண்டு. பாதிப் பேருக்கு அடுப்பும் சிலிண்டரும் இலவசம். அவர்கள் சுவாசித்த தூசி 24 மைக்ரோகிராமாக இறங்கியது, மற்றவர்களுக்கு 70. ஆனால் 2022-இல் வந்த முடிவில் பிறப்பு எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சிலிண்டர் வரும்போதே மூன்று, நான்கு மாதக் கர்ப்பம் கடந்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டு அளவு 5 மைக்ரோகிராம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியச் சட்டம் அனுமதிப்பதோ 40. சிலிண்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மறு சிலிண்டர் வாங்கக் காசில்லாமல் விறகுக்குத் திரும்பும் வீடுகளை நாம் அறிவோம். அடுப்பை மாற்றினாலும் வாசலுக்கு வெளியே இருக்கும் காற்று அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் காற்றில் சாதி உண்டா என்று கேட்பவர்களுக்கு 2021-இல் ஜெயஜித் சக்ரவர்த்தி, பிரத்யுஷா பாசு எழுதிய ஆய்வு பதில் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டபோது, நாட்டில் பி.எம். 2.5 அதிகமுள்ள மாவட்டங்களில் பட்டியல் சாதியினரின் பங்கும் அதிகம் என்று கண்டார்கள். அது மாவட்டக் கணக்கு. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்றிருக்கும் ஒரே கிராமத்துக்குள் என்ன வித்தியாசம் என்பதை அது சொல்லாது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலமற்ற நிலையை எழுதி அனுப்பினார். அதன் பிறகே பஞ்சமி நிலம் வந்தது. இந்த மண்ணில் கணக்கெடுப்பு நமக்குச் சின்ன விஷயமல்ல.

இப்போது கணக்கு எடுப்பது யார்? 2019 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்கானது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி அதில் உள்ளன. ஆசியாவின் டெட்ராய்ட் என்று மேடைதோறும் பெருமை பேசப்படும் இந்த வட்டாரம் அதில் இல்லை. கார் ஏற்றுமதிக் கணக்கு மாதாமாதம் வருகிறது, காற்றின் கணக்கு வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் தனித் தொகுதி என்பதால் இதைச் சட்டமன்றத்தில் கேட்கும் பொறுப்பு யாருக்கு என்பதில் குழப்பமும் இல்லை.

2024-இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான நிதியைச் சட்டமாக்கியது. ஒரு கண்காணிப்புக் கருவியைச் சிப்காட் அலுவலக மொட்டைமாடியில் வைக்காமல் காலனிக்குள் வைக்க அந்த நிதியில் இடம் கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையும் பதிவாகிறது. பெயர் வேண்டாம், குடியிருப்பு வாரியாகத் தொகுத்துத் தரும்படி ஊராட்சி தீர்மானம் போடலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 எல்லாம் கிராம சபை நாட்கள். தெருவிளக்கும் குடிநீரும் பேசி முடித்தபின் இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.