பூஜ்யமும் ஒரு மாடல்தான்

“கொஞ்சூண்டு கதிர்வீச்சால் ரத்தப் புற்றுநோய் வரும்ங்கிறதெல்லாம் வெறும் கணித மாடல் சார், நிரூபணம் கிடையாது.” என்னைப்போல் பொறியியல் படித்தவர்கள் இதைச் சொல்லிவிட்டு, விவாதம் முடிந்தது என்று எழுந்து போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முடியவில்லை. ‘ஆபத்து பூஜ்யம்’ என்பதும் ஒரு மாடல்தான். அதற்கு மட்டும் யாரும் நிரூபணம் கேட்பதில்லை.

ஹிரோஷிமா, நாகசாகியையே எடுத்துக்கொள்வோம். பிழைத்தவர்களை ஆயுள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வின் கணக்கு 1950இல்தான் தொடங்குகிறது. ரத்தப் புற்றுநோயோ குண்டு விழுந்த சில வருடங்களிலேயே கூட ஆரம்பித்துவிட்டது. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், சர்வர் விழுந்து ஐந்து வருடம் கழித்து லாக் எடுத்திருக்கிறோம். எலும்பு மஜ்ஜையில் குறைந்தது 5 மில்லிகிரே வாங்கிய 49,204 பேரில், 2000ஆம் ஆண்டுவரை ரத்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 204 பேர். அதில் 94 சாவுகள் கதிர்வீச்சின் கணக்கில் சேர்கின்றன.

எந்த 94 பேர்? யாராலும் சொல்ல முடியாது. ‘இது குண்டால் வந்தது’ என்று எந்த ரத்த அணுவிலும் முத்திரை கிடையாது. குண்டு விழாதிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று ஒரு மாடல் போட்டு, கழித்து வந்த எண் அது. ஹிரோஷிமாவை ஒப்புக்கொள்கிறவர் மாடலையும் ஒப்புக்கொண்டாயிற்று.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அங்கே கிடைத்த ரத்தப் புற்றுநோய்க் கோடு நேர்கோடு அல்ல, மேல்நோக்கி வளைவது. அதிக அளவில் கண்ட ஆபத்தை அப்படியே வகுத்துக் கீழே கொண்டுவந்தால் மிகைப்படுத்தியதாகிவிடும். சரி. ஆனால் அந்த வளைவிலும் நேர்கோட்டுப் பங்கு ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு கதிர்த்தடம்கூட டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் அறுக்கலாம். கோடு தாழ்வது வேறு, மறைவது வேறு.

பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவின் 3,08,297 அணுத்துறைத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு 2015இல் வந்தது. அவர்கள் வாங்கியது சராசரியாக வருடத்துக்கு 1.1 மில்லிகிரே. அங்கேயும் அளவு கூடக்கூட ரத்தப் புற்றுநோய்ச் சாவு கூடியது.

தனி ஆளுக்கு அந்த ஆபத்து மிகச் சிறியதுதான். அதை அப்படியே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சட்டையில் டோசிமீட்டர் குத்திக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு அந்தச் சின்ன எண்ணைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. அவரிடம் போய் ‘ஒண்ணும் ஆகாதுங்க’ என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது.