'புரிஞ்சுதா?' என்று கேட்டால் போதுமா? ஆன்லைன் வகுப்பில் பேச வைக்கும் கேள்வி எது?

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

ஆன்லைன் வகுப்பில் இப்படிக் கேட்டால் சாட்டில் நாலு 'யெஸ் சார்', இரண்டு தம்ஸ் அப் வரும். மற்றபடி மயான அமைதி. உடனே 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறையே இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால், பல நேரம் தப்பு பசங்க மேல் இல்லை, கேள்வியில்தான் இருக்கிறது.

நேரடி வகுப்பில் முகத்தைப் பார்த்தே யாருக்குப் புரியவில்லை என்று ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். கேமரா ஆஃப் ஆகிவிட்டால் அந்த வசதி கிடையாது. கேள்வி ஒன்றுதான் வழி.

சரி, எப்படிக் கேட்கலாம்?

'2015 சென்னை வெள்ளத்துக்குக் காரணங்கள் என்ன?' என்று கேட்டால், முதல் ஆள் கூகுளில் தேடி ஒட்டுவார். அடுத்தவர் 'சேம்' போடுவார். அதையே இப்படி மாற்றிப் பாருங்க: 'ஏரிகளைத் தூர்வாருவது, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை மீட்பது, மழைநீர் வடிகால் கட்டுவது. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கு. எதைத் தேர்ந்தெடுப்பீங்க? அதனால் யாருக்குப் பாதிப்பு?' இப்போது ஒரு பக்கம் நின்றே ஆகணும், காரணமும் சொல்லணும். 'சேம்' போட்டுத் தப்பிக்க முடியாது.

1956-ல் பெஞ்சமின் புளூம் குழு வெளியிட்ட வகைப்பாடும் இதைத்தான் சொல்கிறது. நினைவிலிருந்து சொல்வது முதல் படி மட்டுமே. பகுத்துப் பார்ப்பதும் மதிப்பிடுவதும் அதற்கு மேலே இருக்கின்றன.

கேட்டுவிட்டு, காத்திருங்க

கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் கண்டறிந்தார் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ. அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, மௌனம் குறைந்தது. ஆன்லைனில் இன்னும் அதிக நேரம் தேவை. நெட் இழுக்கும், டைப் பண்ணணும். ஒரே அறை வீட்டில் உட்கார்ந்திருப்பவர் அன்மியூட் பண்ணத் தயங்குவார். இங்கிலீஷில் தப்பு வந்துடுமோ என்ற பயம் வேறு. 'ரெண்டு நிமிஷம் எடுத்துக்கோங்க, தமிழிலேயே எழுதலாம்' என்று சொன்னாலே, இதுவரை வாய் திறக்காத ஒருவர் எழுதத் தொடங்கலாம்.

அடுத்த வகுப்புக்கு முன் ஒரு சின்ன டெஸ்ட்: உங்கள் கேள்விக்கு இரண்டு பேர் வேறு வேறு பதில் சொல்லி, இரண்டுமே சரியாக இருக்க முடியுமா? முடியும் என்றால் தைரியமாகக் கேளுங்க. முடியாது என்றால், அதைத் தேர்வுத் தாளுக்கு எடுத்து வைங்க.